நிறைந்த வயலே நீர் விடும்

(மறைபரப்பு ஞாயிறையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்திய ஞாயிறைத் திருஅவை மறைபரப்பு ஞாயிறாகக் கொண்டாடுகிறது. 1926-ஆம் ஆண்டில் திருத்தந்தை 11-ஆம் பயஸ் ஏற்படுத்திய நாள் இது. அன்று கோவிலில் சிறப்புக் காணிக்கை எடுக்கிறோம். நம்மில் பலருக்கு அந்தக் காணிக்கையோடு மறைபரப்பும் முடிந்துவிடுகிறது. நற்செய்தியை எடுத்துச் சொல்வது குருக்களின் வேலை, கன்னியர்களின் வேலை, வேதியரின் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

பங்குகளில் இரண்டு வகையானவர்களைப் பார்க்கிறோம். "சாமி, தினமும் செபமாலை சொல்றேன், வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருக்கிறேன். ஆனா பக்கத்து வீட்டாரிடம் ஆண்டவரைப் பற்றிப் பேச வாய் வரமாட்டேங்குது" என்பவர்கள் ஒருபுறம். மறுபுறம், காண்கிறவர்களிடமெல்லாம் ஆண்டவரைப் பற்றிப் பேசுகிறவர்கள். ஆனால் அவர்களுக்கு அமர்ந்து செபிக்க நேரம் இருப்பதில்லை. முதல் வகையினர் செபத்தை வைத்திருக்கிறார்கள், பகிர்வதில்லை. இரண்டாம் வகையினர் பகிர்கிறார்கள், ஆனால் அதற்கு ஊற்று இல்லை. ஞான ஒழுக்கமும் விசுவாசப் பகிர்வும் இரண்டு தனித்தனிக் காரியங்கள் என்று நினைப்பதால்தான் இந்தக் குறை வருகிறது. இவை இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதையே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் வசனத்தில் புனித பவுல், நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்கிறார். 18-ஆம் வசனத்தில், கைம்மாறு வாங்காமல் அறிவிப்பதே தமக்குக் கிடைக்கும் கைம்மாறு என்கிறார். பிறகு, மக்களை மீட்பதற்காக எல்லாருக்கும் எல்லாமாக ஆனதைச் சொல்கிறார். உடனே, 24-ஆம் வசனத்தில், பேச்சு ஓட்டப் பந்தயத்துக்குப் போய்விடுகிறது. கொரிந்து நகருக்கு அருகில் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். வென்றவருக்கு இலைகளால் பின்னிய முடி ஒன்று கிடைக்கும், சில நாளில் அது வாடிவிடும். அந்த வாடும் முடிக்காக ஓட்டக்காரர் எவ்வளவு கட்டுப்பாடாக வாழ்கிறார் என்று பவுல் கேட்கிறார். தாமும் தம் உடலை அடக்கி ஆள்வதாகச் சொல்கிறார். எதற்காக? மற்றவர்களுக்கு நற்செய்தி அறிவித்துவிட்டுத் தாமே தகுதியற்றவராகிவிடக் கூடாது என்பதற்காக.

பொதுக்காலம் 5-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு வாசகத்தில் இந்த அதிகாரம் 23-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பந்தயத்தைப் பற்றிய பகுதி ஒரு வாரநாள் திருப்பலியில்தான் அதோடு சேர்ந்து வருகிறது. அதனால் ஞாயிறு மட்டும் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு இந்தத் தொடர்பு காதில் விழுவதில்லை. வீட்டில் திருவிவிலியத்தைத் திறந்து 16 முதல் 27 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பவுலுக்குத் தவமுயற்சி என்பது தம் சொந்தப் புண்ணியத்தைச் சேர்த்து வைப்பதற்காக அல்ல. நற்செய்திப் பணி கெட்டுப்போகாமல் இருப்பதற்காகவே அவர் தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டார்.

இதற்குச் சான்று தேடி நாம் கொரிந்துக்குப் போக வேண்டியதில்லை. நம் கொல்லிமலையிலேயே இருக்கிறது.

1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டு என்பவரும் எவ்லின் ஹாரிஸ் என்பவரும் திருமணம் செய்துகொண்டு, நம் மலைக்குக் குடிவந்தார்கள். வாழவந்தி நாட்டில் வீடு கட்டித் தங்கினார்கள். அவர்கள் கத்தோலிக்கர் அல்ல, பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். திருவருட்சாதனங்களைப் பற்றிய அவர்கள் போதனையும் நம் போதனையும் ஒன்றல்ல. ஆனாலும் 1964 நவம்பர் 21 அன்று வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏடு, பிரிந்த சகோதரரிடம் உள்ள உண்மையான கிறிஸ்தவக் கொடைகளை மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்க வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கிறது. அந்த மதிப்போடுதான் அவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறி வருகிறது. அன்று அந்தச் சாலை கிடையாது. கால்நடையாக ஏற வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கி வர வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து வெளியார் தங்காத இடம் இது. ஜெஸ்ஸி பிராண்டு இங்கு வருமுன் லண்டனில் ஓராண்டு வெப்பநாட்டு மருத்துவம் படித்திருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தி நோய்க்கு வைத்தியம் பார்த்தார். அந்த நோய் குடிநீரால் பரவுகிறது என்பதை விளக்கி, தண்ணீரைக் காக்கக் கற்றுக்கொடுத்தார். மர வேலையும் கற்றுக்கொடுத்தார். லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சீடர்களை அனுப்பும்போது முதலில் நோயாளரைக் குணமாக்கச் சொல்கிறார், அதன் பிறகு இறையாட்சி நெருங்கி வந்துவிட்டதை அறிவிக்கச் சொல்கிறார். அந்த வரிசையிலேயே இவர்களும் நடந்தார்கள்.

பலன் என்ன? பல ஆண்டுகள் ஒருவர்கூட அவர்களுடைய விசுவாசத்தை ஏற்கவில்லை. மருந்து வாங்கிக்கொண்டார்கள், அன்பாகப் பேசினார்கள், அதோடு சரி. அன்பார்ந்தவர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நாம் ஒருவரிடம் இரண்டு முறை ஆண்டவரைப் பற்றிப் பேசி, அவர் காது கொடுக்காவிட்டால், மூன்றாம் முறை போவோமா? எண்ணிக்கையை நம்பிப் பணி செய்கிறவர் முதல் ஆண்டிலேயே மூட்டை கட்டியிருப்பார். வேறு சிலர் மருந்தைத் தூண்டிலாக மாற்றி, வந்தால்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருப்பார்கள். இந்தத் தம்பதியர் இரண்டையும் செய்யவில்லை. தினமும் செபித்தார்கள், தினமும் நோயாளிகளைப் பார்த்தார்கள். பலன் தெரியாத காலத்தில் ஒருவரை நிற்க வைப்பது பேச்சுத் திறமை அல்ல. அன்றாட ஒழுங்குதான் நிற்க வைக்கும்.

1918-ல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் பிறகு இந்த மலைக்கும் ஏறி வந்தது. நோயைக் கண்டு மக்கள் ஒருவரையொருவர் நெருங்கப் பயந்த நாட்கள் அவை. பிராண்டு தம்பதியர் நோயாளிகளைத் தேடிப் போனார்கள். அப்போது உயிர் போகும் நிலையில் இருந்த ஒரு கோவில் பூசாரி, தம் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அந்தக் குழந்தையை அவர்கள் தங்கள் வீட்டில் வளர்த்தார்கள். மலை மக்கள் அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இதை நாம் வெற்றிக் கதையாகக் கேட்கக் கூடாது. கொள்ளை நோயை அறுவடைக் காலமாக நினைப்பது கிறிஸ்தவப் பண்பு அல்ல. இதில் கவனிக்க வேண்டியது அந்தத் தந்தையின் மனம். தம் குழந்தையை யாரிடம் கொடுக்கலாம் என்று சாகும் நேரத்தில் அவர் எண்ணிப் பார்த்தார். வாதத்தில் தோற்றதால் அவர் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் அவர்கள் வாழ்ந்த விதத்தைப் பார்த்ததால் கொடுத்தார். இன்றைய மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே செவிகொடுக்கிறார் என்ற கருத்தைத் திருத்தந்தை 6-ஆம் பவுல் 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் காண்கிறோம். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே ஒரு மலைக்கோவில் பூசாரி அதை நமக்குக் காட்டிவிட்டார்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்டு கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அவருக்கு வயது 44. எவ்லின் அம்மையாருக்கு அப்போது 50. மிஷன் அவருக்கு வேறு ஊர்களில் பணி கொடுத்தது. ஓய்வு வயது வந்து மிஷன் அவரை விடுவித்தபோது, எழுபதை நெருங்கிய அந்த வயதில், அவர் தம் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பினார். கொல்லிமலையோடு நிற்காமல் சுற்றியுள்ள மற்ற மலைகளுக்கும் மட்டக்குதிரையில் போனார். 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஓர் இரவு முழுவதும் யாருமின்றித் தரையில் கிடந்தார். மறுநாள் கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள். மகன் வந்து ஓய்வெடுக்கும்படி கெஞ்சினார், அவர் கேட்கவில்லை. கோலூன்றி மறுபடியும் மலையேறினார். 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

இளமையில் அவர் லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர், நன்றாக உடுத்தி வாழ்ந்தவர். தம் வாழ்வின் கடைசி 20 ஆண்டுகளில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்திருக்கவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். கண்ணாடி வைத்திருப்பது பாவமல்ல. ஆனால் தம் முகத்தைப் பார்க்கும் நேரத்தையும் மற்றவர் முகத்தைப் பார்க்கச் செலவிட்டவர் அவர். ஞான ஒழுக்கம் என்பதன் பொருள் இதுதான். தன்னை மறப்பதற்குப் பழகுவது. தன்னையே எண்ணிக்கொண்டிருப்பவரால் அடுத்தவருக்கு ஆண்டவரைக் காட்ட முடியாது.

அந்த மகன்தான் மருத்துவர் பால் பிராண்டு. 1914-ல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவர். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, உலகம் முழுவதும் அறியப்பட்டார். அவர் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். மலைச் சிறுவர்களோடு சேர்ந்து படிவயலில் தவளை பிடித்து விளையாடியிருக்கிறார். தண்ணீர் கலங்கி, சேறு வரப்பைத் தாண்டி ஓடியிருக்கிறது. அதைப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, அடிக்காமல், ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டினாராம். இந்தச் சேறுதான் நமக்குச் சோறு போடுகிறது, ஆற்றோடு போய்விட்டால் மறுபடி மலையேறி வராது என்று சொன்னாராம்.

படிவயலின் கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரப்பு மண்ணைக் காக்கிறது. மடை தண்ணீரைக் கீழ்வயலுக்கு விடுகிறது. வரப்பு உடைந்தால் தண்ணீரோடு மண்ணும் போய்விடும், மேல்வயலுக்கும் பயனில்லை, கீழ்வயலும் மேடேறிக் கெடும். மடையைத் திறக்காமலே வைத்தால் மேல்வயலில் பயிர் அழுகும், கீழ்வயல் காயும். மேல்வயல் நிறைந்த பிறகுதான் கீழ்வயலுக்கு நல்ல தண்ணீர் போகும். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து, இனிமைமிகு பாடல் பற்றிய தம் மறையுரை ஒன்றில் இதே கருத்தைச் சொல்கிறார். வாய்க்கால் வாங்கிய கையோடு கொட்டிவிடுகிறது, நீர்த்தேக்கமோ நிறைந்த பின் வழிகிறது, நீங்கள் நீர்த்தேக்கமாக இருங்கள் என்பது அவர் அறிவுரையின் சாரம். செபமும் ஒருசந்தியும் நமக்கு வரப்பு. விசுவாசப் பகிர்வு நமக்கு மடை. இரண்டும் இருந்தால்தான் அது வயல்.

இதை நம் வீட்டில் நடைமுறைப்படுத்த நான்கு வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, இறைவாக்குக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். விடியுமுன் காட்டுக்குப் போகிறவர்கள் இரவில் வைத்துக்கொள்ளலாம். 15 நிமிடம் போதும். அன்றைய நற்செய்தியை மெதுவாக வாசியுங்கள், ஒரு வார்த்தையை மனத்தில் அசைபோடுங்கள், அதையே செபமாக்குங்கள், பிறகு சிறிது நேரம் இறைமுன்னிலையில் அமைதியாக இருங்கள். எழுத்தறியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். வாசித்துக் காட்டும் பிள்ளைக்கு அதுவே மறைக்கல்வி.

இரண்டாவது, படுக்குமுன் ஆன்ம சோதனை. புனித இஞ்ஞாசியார் கற்பித்த முறையில் அது குற்றப் பட்டியலோடு தொடங்குவதில்லை, நன்றியோடு தொடங்குகிறது. இன்று கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்லுங்கள். தூய ஆவியாரிடம் ஒளி கேளுங்கள். நாளைத் திரும்பிப் பாருங்கள், மன்னிப்புக் கேளுங்கள், நாளைக்கு ஒரு தீர்மானம் எடுங்கள். இதனோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்று துன்பத்தோடு என் வாசலைக் கடந்து போனவர் யார், நான் அவரைக் கவனித்தேனா?

மூன்றாவது, ஒருசந்தியும் சுத்தபோசனமும் ஒரு மனிதரைப் போய்ச் சேரட்டும். செபம், நோன்பு, இரக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உயிர்ப்பிப்பவை என்று 5-ஆம் நூற்றாண்டு ஆயரான புனித பேதுரு கிறிஸோலொகு கற்பித்தார். வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டதில் மிச்சமாகும் பணம் மறுபடி நம் பெட்டிக்கே போனால், அது சிக்கனம் மட்டுமே. அது அண்டை வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்குப் பாலாகவோ ரொட்டியாகவோ போகட்டும். அவர் எந்த மதத்தவர் என்று பார்க்க வேண்டாம். மத்தேயு 6-ஆம் அதிகாரம் சொல்வதுபோல், அது விளம்பரமின்றி நடக்கட்டும்.

நான்காவது, உங்கள் நம்பிக்கைக்கு விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள். 1 பேதுரு 3-ஆம் அதிகாரம் 15, 16 வசனங்கள், கேட்பவர்களுக்குப் பணிவோடும் மரியாதையோடும் விடை சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி கூறுகின்றன. விடை என்றால், அதற்கு முன் யாரோ கேள்வி கேட்டிருக்க வேண்டும். "இவ்வளவு கஷ்டத்திலும் எப்படி நிம்மதியா இருக்கீங்க?" என்று ஒருவர் கேட்கும்படி வாழ்ந்தால், வாசல் தானாகத் திறக்கும். அப்போது நீண்ட பிரசங்கம் தேவையில்லை. ஆண்டவர் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையை நான்கு வாக்கியத்தில் சொன்னால் போதும். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்தார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அயல்மொழியில் அவர் எடுத்த முயற்சியை, நம் தாய்மொழியில் நாம் எடுக்கக் கூடாதா?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1965 டிசம்பர் 7 அன்று வெளிவந்த சங்கத்தின் நற்செய்திப் பணி பற்றிய ஏடு, எவரையும் வற்புறுத்தியோ தகாத வழிகளால் கவர்ந்தோ விசுவாசத்துக்குக் கொண்டுவருவதைக் கண்டிப்பாகத் தடை செய்கிறது. எவரையும் மிரட்டி விசுவாசத்திலிருந்து விலக்கவும் கூடாது என்று அதே இடத்தில் சொல்கிறது. நாம் வாழ்வது அறப்பளீஸ்வரர் கோவில் இருக்கும் மலையில். நம் மாமன் மச்சான், அண்டை அயலார் பலர் ஆடி மாதத்தில் அங்கே போகிறவர்கள். அவர்களுடைய பக்தியைப் பழித்துப் பேசி நாம் இயேசுவுக்குப் பெருமை சேர்க்க முடியாது. கொடுக்கிற மருந்துக்கும், அரிசிக்கும், பள்ளி உதவிக்கும் விலையாக மனமாற்றத்தைக் கேட்டால், அது பவுல் சொன்ன கைம்மாறில்லாப் பணி அல்ல, வியாபாரம். மனத்தைத் திறக்கிறவர் தூய ஆவியார். நம் வேலை உண்மையாக வாழ்வதும், கேட்கும்போது மறைக்காமல் சொல்வதும்.

"எனக்கு வயதாகிவிட்டது, கட்டிலை விட்டு எழ முடியவில்லை, நான் எங்கே போய் அறிவிப்பது?" என்று வானொலிக்குப் பக்கத்தில் படுத்தபடி கேட்கும் தாய்மார்கள் இருப்பீர்கள். 1927-ல் திருஅவை, சவேரியாரோடு சேர்த்து, குழந்தை இயேசுவின் புனித தெரேசாவையும் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராக அறிவித்தது. அவர் மறைபரப்பு நாடு எதற்கும் போனதில்லை. 24 வயதில் நோயுற்று, லிசியு நகரத்து மடத்திலேயே இறந்தார். நற்செய்திப் பணியாளருக்காகச் செபித்தார், தம் வேதனையை ஒப்புக்கொடுத்தார். உங்கள் கட்டிலும் ஒரு மேல்வயல்தான் அம்மா. அங்கிருந்து வழிகிற செபம் எந்தக் கீழ்வயலை நனைக்கிறது என்பது ஆண்டவருக்குத் தெரியும்.

இந்த வாரம் இந்த நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பச் செபத்தில் அனைவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அடுத்த அன்பியக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுங்கள்.

செபிப்போமாக. அன்புத் தந்தையே, பலன் தெரியாத நாட்களிலும் உம் பணியில் நிலைத்திருக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் செபத்தை எங்களோடு நின்றுவிடாமல் அயலாரைச் சென்றடையச் செய்யும். எங்கள் பேச்சில் பணிவையும், எங்கள் உதவியில் தூய்மையையும் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.